ஆடிஷனுக்கு எந்தப் பாட்டு? பெட்டிக்காரரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள எல்லையோரம் இருக்கும் செங்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் பெட்டியும் சொல்லிக்கொடுக்கிறேன். பெட்டி என்றால் ஆர்மோனியம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு நடக்கும் நாடகங்களுக்கு வாசித்துப் பழகிய கை இது. கொஞ்ச காலமாகப் புளியரை, ஆரியங்காவு, புனலூர் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், போனில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள். பெங்களூரிலோ கொச்சியிலோ ஒரு மியூசிக்கலுக்கு (பாட்டால் கதை சொல்லும் மேடை நாடகம்) ஆடிஷன் இருக்கும். இல்லையென்றால் வெளிநாட்டு நாடகப் படிப்புக்கு வீடியோ அனுப்ப வேண்டியிருக்கும். கேட்பது திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட பேச்சிலேயே இருக்கின்றன.

நான் கிளாஸ்ல 5½ கட்டைல பாடுறேன் அண்ணாச்சி. அவங்க சோப்ரானோவா, ஆல்ட்டோவான்னு கேக்காங்க. என்ன சொல்ல?

சோப்ரானோ என்றால் உயர்ந்த பெண்குரல், ஆல்ட்டோ என்றால் தாழ்ந்த பெண்குரல். முதலில் கட்டைக் கணக்கை அவர்கள் கணக்குக்கு மாற்றுவோம். பெட்டியில் வெள்ளைக் கட்டைகளை 1 முதல் 7 வரை எண்ணுகிறோம். இடையில் வரும் கறுப்பு, அரைக் கட்டை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்பு கிடையாது, அதனால் 3½ என்று ஒன்று இல்லை. 1 கட்டை என்பது அவர்களுடைய சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. உங்கள் 5½ ஜி ஷார்ப். எந்த ஸ்தாயி என்று காட்ட அவர்கள் பக்கத்தில் ஓர் எண் போடுவார்கள். பியானோவின் நட்டநடு சிக்குப் பெயர் சி4.

5½ கட்டையில் பாடும் பெண்ணின் சட்ஜம் (ச) ஜி ஷார்ப் 3. மேல் சட்ஜம் ஜி ஷார்ப் 4, மேல் பஞ்சமம் (ப) டி ஷார்ப் 5. ஒரு கட்டையில் பாடும் ஆணுக்குச் சட்ஜம் சி3. கீழ்ப் பஞ்சமம் ஜி2, மேல் பஞ்சமம் ஜி4. இந்த ஆண் ஏறக்குறைய அப்படியே அவர்கள் சொல்லும் பாரிடோன் (நடுத்தர ஆண்குரல்). அதற்கு மேலே சி5 பக்கம் வரை போகிறவர் டெனர்.

பெண்களுக்குத்தான் ஒரு சிக்கல். நம் சங்கீதத்தில் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் நெஞ்சுக் குரலிலேயே பாடுகிறார்கள். அந்த அளவை மட்டும் பார்த்தால் எல்லாரும் ஆல்ட்டோ மாதிரித் தெரியும். மேலே தலைக்குரல் என்று ஒரு மாடி இருக்கிறது. அதற்கு ஏறிப் பார்த்ததே இல்லை என்பதுதான் விஷயம். பிள்ளையைக் கூப்பிட "ஊஊ" என்று மெல்லிசாக ஒரு குரல் கொடுப்பீர்களே, அதுதான் அந்த மாடி. அதைத் திறந்து பார்க்காமல் "நான் ஆல்ட்டோ" என்று படிவத்தில் எழுதிவிடாதீர்கள்.

என் குரல் எதுலேர்ந்து எது வரைன்னு எப்படி அளக்க?

"ஆ" என்று ஏறிக்கொண்டே போய் எங்கே உடைகிறது என்று பார்ப்பார்கள். அது குரலின் எல்லை. நாடகத்துக்கு அந்த எல்லை பெரிதாக உதவாது. அங்கே தேவைப்படுவது வார்த்தையின் எல்லை.

நான் செய்யச் சொல்வது இப்படி. எழுந்து ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டி முன்னால் உட்காருங்கள். ஒரு சாதாரண வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் "சாயங்காலம் புனலூர் வண்டி லேட்டு" என்பதுதான் பழக்கம். முதலில் அதைப் பேசுங்கள், எந்தக் கட்டையில் விழுகிறது என்று தேடிப் பிடித்துக் குறியுங்கள். பிறகு அதே வாக்கியத்தை ஒரே சுரத்தில் பாடுங்கள். அடுத்த கட்டை, அடுத்த கட்டை என்று கறுப்பையும் விடாமல் ஏறுங்கள். வாசல் திண்ணையில் யாரையாவது உட்காரவைத்து, என்ன வண்டி என்று அவருக்குப் புரியாமல் போகிற இடத்தில் கையைத் தூக்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு குறி. கண்ணாடியில் கழுத்து நரம்பு புடைக்கிற இடத்தில் இன்னொரு குறி. இரண்டில் எது தாழ்வோ அதுதான் உங்கள் மேல் எல்லை. கீழே இறங்கும்போதும் இதே மாதிரி, வார்த்தை காற்றாகிப் போகிற இடம் வரை.

மூன்று நாள், நாளுக்கு மூன்று வேளை செய்யுங்கள். காலையில் குரல் தாழ்ந்திருக்கும், மாலையில் ஏறியிருக்கும். ஒன்பது அளவில் மிகத் தாழ்ந்ததை எடுத்து, அதிலிருந்தும் இரண்டு சுரஸ்தானம் (கறுப்பையும் சேர்த்து இரண்டு கட்டை) கழியுங்கள். ஆடிஷன் அன்றைக்கு உங்களிடம் இருக்கப்போவது அந்தக் குரல்தான்.

பெட்டி பழையதாக இருந்தால் போனில் ஒரு ட்யூனர் செயலியோடு ஒத்துப் பாருங்கள். என்னுடையது கொஞ்சம் இறங்கியே பேசும். அதை நம்பித் தன்னை டெனர் என்று நினைத்துக்கொண்ட பையன் ஒருவன் உண்டு.

இப்போது பாட்டுக்கு வாருங்கள். பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை மட்டும் பார்க்காதீர்கள். பாட்டு எங்கே குடியிருக்கிறது என்று பாருங்கள். உச்சத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்கிவிட்டால் சமாளிக்கலாம். எட்டு வரியில் ஆறு வரி உங்கள் குறிக்குப் பக்கத்திலேயே வட்டமடித்தால் அது வேறொருவரின் பாட்டு. உச்ச சுரம் ஒன்றேயான இரண்டு பாட்டில் ஒன்று பஞ்சுபோலப் போகும், இன்னொன்று தொண்டையைச் சுரண்டும், காரணம் இதுதான்.

மேல புடிச்சுக் காட்டுனாத்தான எடுப்பாங்க?

செங்கோட்டைக்காரர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் அதிகம். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா பிறந்த ஊராயிற்றே. 1906-இல் பிறந்து 1933-இல், இருபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தது அந்தக் காலத்து மேல் ஸ்தாயிப் பாட்டு. இன்றைக்கு மியூசிக்கல் நடிகரின் நெற்றி மயிருக்குள் மைக்கை ஒளித்து வைக்கிறார்கள். உச்சம் இன்னும் பிடித்தமானதுதான். கட்டாயம் மட்டும் போய்விட்டது.

என் கதையைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் ஒரு நாடகக் குழுவின் தேர்வுக்குச் சென்னை போனேன். எனக்குச் சுகமான சுருதி ஒன்றரைக் கட்டை. நான் எடுத்ததோ நாலு கட்டை. வீட்டில், குளித்துவிட்டு வந்த நேரத்தில், அது எட்டியிருந்தது. ராத்திரி முழுக்க ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவன், மேல் காந்தாரத்திலேயே (க) குரல் கிழிந்தது. எதிரே இருந்த அம்மா ஒருவர் முகம் மாறாமல், "உங்க ஊர் எது தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். பஸ்ஸில் வந்தேனா ரயிலில் வந்தேனா என்று கேட்டார். அதையும் சொன்னேன். "இப்பப் பேசுறீங்கள்ல, இந்தக் குரல் நல்லா இருக்கு. இதுல ஒரு பாட்டு இருக்கா?" என்றார். இல்லை. என்னிடம் அப்படி ஒரு பாட்டே இல்லை. கையில் இருந்த பத்துப் பாட்டும் அடுத்தவர் குரலுக்கு ஆசைப்பட்டுச் சேர்த்தவை.

இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்கும் பாட்டு, அவர்கள் பேசுகிற இடத்திலேயே தொடங்கும் பாட்டு.

பெல்ட் பண்ணணும்னு போட்டுருக்கு. அப்படீன்னா கத்தணுமா?

இல்லை. குரல் ஏறும்போது ஓரிடத்தில் தானாகப் புரளும். ஆண்களுக்கு டி4-க்கும் எஃப் ஷார்ப் 4-க்கும் நடுவே அது நடக்கும். பெண்களுக்கு ஈ4, எஃப்4 பக்கம் ஒரு தடவை, அடுத்த ஸ்தாயியில் அதே இடத்தில் இன்னொரு தடவை. அந்தப் புரளுமிடத்தைத் தாண்டியும் பேச்சுக்குரலின் கனத்தை விடாமல் மேலே கொண்டுபோவதுதான் பெல்ட். இரண்டையும் குழைத்துப் பாடுவதை மிக்ஸ் என்பார்கள். புரண்ட பிறகு தலைக்குரலில் உருண்டையாகப் பாடுவது லெஜிட்.

கே.பி. சுந்தராம்பாள் குரலைக் கேட்டிருப்பீர்கள். வெண்கலக் குரல் என்று ஏன் சொன்னார்கள் என்று யோசியுங்கள். பெயர் வேறாக இருக்கலாம், என் காதுக்கு அது பெல்ட்தான்.

புதிய மியூசிக்கல்களில் பெண்களின் பெல்ட் பெரும்பாலும் ஏ4 முதல் டி5 வரை நடமாடும். 5½ கட்டைப் பெண்ணுக்கு ஏ4 என்பது மேல் சட்ஜத்துக்கு அடுத்த சுரம். டி5 மேல் மத்தியமத்துக்கு (ம) கொஞ்சம் அந்தப் பக்கம். எட்டாத இடமில்லை. ஆனால் "ஆ", "ஏ" போன்ற திறந்த உயிரில் அந்தச் சுரம் விழுகிறதா என்று பாருங்கள். "ஈ", "ஊ"வில் விழுந்தால் தொண்டை இறுகும். லெஜிட் குரலுக்கு அதே "ஊ" தலையணை மாதிரி. பாடி முடித்ததும் தொண்டையில் அரிப்போ கரகரப்போ வந்தால், நீங்கள் செய்தது பெல்ட் இல்லை, கத்தல்தான்.

பத்து வருஷம் கர்நாடக சங்கீதம் படிச்சிருக்கேன். அது போதாதா?

சுருதி சுத்தம், தாளம், மனப்பாடம் மூன்றிலும் நீங்கள் மற்றவர்களை விட எங்கேயோ இருப்பீர்கள். அதில் சந்தேகம் வேண்டாம். மாற்ற வேண்டியவை இரண்டு.

ஒன்று, கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைத்துப் பாடுவது. ஒரு சுரத்துக்குப் போகும்போது வழியில் உள்ளவர்களையெல்லாம் விசாரித்துவிட்டுப் போவது நம் பழக்கம். அங்கே சுரத்தில் நேராக இறங்கி நிற்க வேண்டும், ஏனென்றால் கீழே பியானோ, பல சுரம் சேர்ந்தொலிக்கும் ஒத்திசைக் கட்டோடு (கார்டு) ஓடிக்கொண்டிருக்கும். நம் காந்தாரம் ஆடினால் அது உரசும்.

இரண்டு, சுருதி யாருடையது என்பது. நம் மேடையில் பாடுகிறவர் எந்தக் கட்டை சொல்கிறாரோ அந்தக் கட்டைக்குப் பக்கவாத்தியம் வரும். பாட்டு குரலுக்கு இறங்கி வரும். மியூசிக்கலில் வேடத்துக்கு ஒரு சுருதி எழுதப்பட்டிருக்கும். வாத்தியக் குழு முழுக்க அதில் நிற்கும். பெரும்பாலும் குரல்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். கேட்கிறவர்கள் "நன்றாகப் பாடுகிறாளா" என்பதோடு, "இந்த வேடத்தின் சுருதியில் வாரத்துக்குப் பல காட்சி நிற்பாளா" என்றும் பார்க்கிறார்கள். ஆடிஷன் பாட்டு ஒன்றில்தான் சுருதி உங்கள் கையில் இருக்கிறது. அதையும் விட்டுக்கொடுப்பானேன்?

ஒரு கீர்த்தனையைப் பாடலாமா என்றும் கேட்கிறார்கள். குறிப்பாகக் கேட்டிருந்தால் ஒழிய வேண்டாம். எதிரே ஒரு ஆளைப் பார்த்து, ஏதோ ஒன்றைக் கேட்டோ மறுத்தோ பாடுகிற பாட்டு வேண்டும்.

பதினாறு பார் மட்டும் பாடுன்னு சொல்றாங்க. அது எவ்வளவு?

பார் என்பது அவர்கள் தாளத்தில் ஒரு கட்டம். நாலு எண்ணிக்கை கொண்ட பார் என்றால், ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனத்துக்கு (எட்டு எண்ணிக்கைச் சுற்று) இரண்டு பார். பதினாறு பார் எட்டு ஆவர்த்தனம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் சுமார் அரை நிமிடம். 80 என்றால் 48 விநாடி. முப்பத்திரண்டு பார் அதன் இரட்டிப்பு.

அரை நிமிடத்தில் பல்லவியிலிருந்து தொடங்கினால் கதை கிளம்புவதற்குள் நேரம் முடிந்துவிடும். பாத்திரத்தின் மனம் திரும்புகிற இடத்தைப் பிடியுங்கள். பெரும்பாலும் அது கடைசிச் சரணத்துக்கு முன்னால் இருக்கும். நுழைய ஒரே ஒரு பார் பியானோ போதும், நீளமான முன்னிசை வேண்டாம். முடிகிற இடம் தெளிவாக முடிய வேண்டும். தேய்ந்து மறைகிற சினிமாப் பாட்டு முடிவு நேரில் பரிதாபமாக இருக்கும்.

பியானோ வாசிக்கிறவர் அங்கயே இருப்பாராம். நான் என்ன கொண்டுபோகணும்?

கொடை நாடகத்தில் ராஜபார்ட் (கதாநாயக வேடக்காரர்) வந்து பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டு, விரலால் கட்டையைக் காட்டினால் போதும், நான் அந்தச் சுருதிக்குப் போய்விடுவேன். சுரம் எழுதிய தாளே கிடையாது. ஆடிஷன் பியானோக்காரர் நிலைமை வேறு. அவர் உங்களை முன்பின் பார்த்ததில்லை. காலையிலிருந்து நாற்பது பேருக்கு வாசித்திருப்பார். தாளில் என்ன இருக்கிறதோ அது வரும். "கொஞ்சம் இறக்கி வாசிங்க சார்" என்பது அங்கே செல்லாது.

அதனால் சுருதியை முன்கூட்டியே மாற்றி அச்செடுத்துக்கொண்டு போங்கள். ஆண்பிள்ளை, ஒரு கட்டைக்காரர், மேல் எல்லை ஜி4 என்று அளந்துவிட்டீர்கள். பாட்டின் உச்சமோ ஏ4. இரண்டு சுரஸ்தானம் இறக்கிய பிரதி வேண்டும். நோட்டேஷன் விற்கும் தளங்கள் பலவற்றில் வாங்கும்போதே சுருதியைத் தேர்ந்தெடுக்கலாம். இறக்கியதில் கீழ் வரிகள் பாதாளத்துக்குப் போய்விடவில்லையே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் இதை மறக்கிறார்கள்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது அடிப்பகுதி வெட்டுப்படும், இடது கை வாசிக்கிற வரி அங்கேதான் இருக்கும். தென்காசியில் ஒரு கடையில் எடுத்த பிரதியில் கடைசி வரி முழுக்கப் போனது, மாணவி அங்கே போய்த்தான் பார்த்தாள். தொடங்குமிடம், தாண்டுமிடம், முடியுமிடம் மூன்றையும் அடர்த்தியான பென்சிலில் குறியுங்கள். தாள்களை ரிங் கோப்பில், இரு பக்கமும் அச்சாக வையுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை விளக்கை எதிரொளிக்கும், ஆகாது.

வேகத்தைக் காட்ட விரலைச் சொடுக்காதீர்கள், அது மரியாதையாக இருக்காது. முதல் வரியை அவருக்கு மட்டும் கேட்கும்படி மெல்லப் பாடிக் காட்டுங்கள்.

நம் ஊர்களில் பியானோவுக்குப் பதில் கரோக்கே கேட்பவர்களும் உண்டு. அப்படியானால் வெட்டிச் சுருதி மாற்றிய கோப்பைப் போனிலும் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தோடு ஓடுகிற இணைய வீடியோவை நம்பாதீர்கள்.

தமிழ்ப் பாட்டு பாடலாமா? இல்ல மலையாளமா, இங்கிலீஷா?

நாடகம் எந்த மொழியோ அந்த மொழி. அவர்கள் விட்டுவிட்டால், எந்த மொழியில் உங்களுக்குக் கோபம் வருமோ அந்த மொழி. எங்கள் எல்லைப் பிள்ளைகளுக்கு அது மூன்றாகவும் இருக்கும், அதிர்ஷ்டசாலிகள்.

ஆங்கிலத்தில் பாடினால் சொல்லின் கடைசி மெய்யெழுத்தைக் கவனியுங்கள். நாம் அதில் ஒரு குட்டி உகரத்தை ஒட்டவைத்துவிடுவோம். பாடும்போது அது தனி அசையாகிக் கணக்கைக் குலைக்கும்.

எல்லாரும் பாடுற பாட்டையே நானும் பாடலாமா?

பாடலாம். ஆனால் உங்களுக்கு முன்னால் பாடியவளோடு சேர்த்துத்தான் எடைபோடப்படுவீர்கள்.

அவங்க போடப்போற நாடகத்துப் பாட்டையே பாடினா?

அறிவிப்பில் கேட்டிருந்தால் பாடுங்கள். கேட்காவிட்டால் அதே பாணியில் வேறொன்று. "கோல்டன் ஏஜ் பாணி" என்று போட்டிருந்தால் 1943-இல் வந்த அமெரிக்க மியூசிக்கல் ஓக்லஹோமா தொடங்கி அறுபதுகள் வரையிலான நாடகப் பாட்டுகள். லெஜிட் குரல், தெளிந்த உச்சரிப்பு. "பாப் ராக்" என்றால் நாடகப் பாட்டே வேண்டாம் என்று பொருள்.

காதல் பாட்டு நல்லதா, சிரிப்புப் பாட்டு நல்லதா?

நீங்கள் ராஜபார்ட்டா, ஸ்திரீபார்ட்டா (கதாநாயகியா), பபூனா (கோமாளியா)? சங்கரதாஸ் சுவாமிகள் நாடகம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தெருவில் உங்களைப் பார்ப்பவர்கள் எந்த வேடம் கொடுப்பார்கள் என்று இரண்டு பேரிடம் கேளுங்கள், சொந்தக்காரர் இல்லாத இரண்டு பேரிடம். பபூன் குரலை வைத்துக்கொண்டு ராஜபார்ட் பாட்டு எடுப்பவர்கள்தான் அதிகம். நல்ல பபூனுக்கு எப்போதும் தட்டுப்பாடு என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

மெதுவான பாட்டு ஒன்று, வேகமான பாட்டு ஒன்று தயாராக இருக்கட்டும். பிறகு அதைப் பெருக்கிக்கொள்ளலாம்.

தம்பிக்குப் பதினாலு வயசு. குரல் ஒடையுது. காத்திருக்கணுமா?

மகரக்கட்டு என்று நாடகக் கம்பெனிகளில் இதற்குப் பெயர். சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களுக்கு அது வந்தால் பாட்டு வேடம் பறிபோகும். காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள். இப்போது அவனுக்குச் சுகமாக இருப்பது ஆறேழு சுரமாக மட்டும் இருக்கலாம். அந்த ஆறேழுக்குள் குடியிருக்கும் பாட்டாக, பாதிப் பேச்சாகப் போகும் பாட்டாக எடுங்கள். பழைய மேல் ஸ்தாயியை மீட்க அடம்பிடிக்க விடாதீர்கள்.

குத்தாலத்துல சாரல். தொண்டை கட்டிக்கிச்சு. நாளைக்கு ஆடிஷன்.

அருவிக்குப் போனீர்களா? போயிருப்பீர்கள். இன்று பாட வேண்டாம், கிசுகிசுப்பாகவும் பேச வேண்டாம். அதிலும் குரல் களைக்கும். வெந்நீர் ஆவி பிடியுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், கனைக்காதீர்கள். காய்ச்சலோ வலியோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தாழ்ந்த அளவிலிருந்து இரண்டு சுரஸ்தானம் கழிக்கச் சொன்னேனே, அது இந்த நாளுக்காகத்தான். கழிக்காமல் பாட்டெடுத்தவர்கள், தாழ்வாகப் போகும் இன்னொரு பாட்டு கையில் இருந்தால் அதை எடுத்துப்போங்கள்.

பாடும்போது யாரைப் பாக்க?

தேர்வு செய்கிறவர்களின் தலைக்குச் சற்று மேலே ஒரு புள்ளியில் உங்கள் எதிராளியை நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் கண்ணையே பார்த்துப் பாடினால் அவர்களும் நடிக்க வேண்டியதாகிவிடும்.

பாதியிலேயே "போதும், நன்றி"ன்னு சொல்லிட்டா? பிடிக்கலன்னுதான அர்த்தம்?

அப்படியில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது எட்டு பாரில் தெரிந்துவிட்டிருக்கலாம். போன மாதம் புளியரைப் பெண் ஒருத்தியைப் பத்தாவது பாரில் நிறுத்தினார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து எனக்குப் போன் பண்ணி அழுதாள். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள், "வேறு பாட்டு ஏதாவது இருக்கிறதா" என்று. போனைக் கட் பண்ண மறந்து உள்ளே போய்விட்டாள். பேசுகிற குரலிலேயே தொடங்கும் அந்த மெதுவான பாட்டை எடுத்தாள், பைக்குள் இருந்த போன் வழியாக எனக்குப் பாதிதான் கேட்டது.